பச்சை உறையா, சிவப்பு உறையா

ஜூன் 12, 1964, வெள்ளி

இன்று முதல் இந்த வீட்டில் காப்பி கிடையாது. சிகரெட்டும் கிடையாது.

இவருடைய இருமல் தாராவி முழுக்கக் கேட்கிறது. மாட்டுங்கா டாக்டர் வானமாமலை போன வாரமே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "சிகரெட்டை விடலைன்னா அடுத்த மழைக்கு ஆஸ்பத்திரியிலதான் படுக்கணும்." நான் அழுது பார்த்தேன், சண்டை போட்டேன். கடைசியில் இவரே வழிக்கு வந்தார். "நீ காப்பியை விடு, நான் சிகரெட்டை விடுதேன். முடியுமாட்டி?"

எனக்கா முடியாது? முருகன் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, இருவரும் கையால் அணைத்துச் சத்தியம் செய்தோம். தீபாவளி வரைக்கும். ஒருவர் தவறினால் மற்றவரையும் அது கட்டாது.

ஜூன் 13, சனி

தலை வலிக்கிறது.

ஜூன் 15, திங்கள்

இன்னும் வலிக்கிறது. பள்ளிக்கூடம் வேறு திறந்தாயிற்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து வாய்ப்பாடு சொன்னபோது பலகையைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

நேற்று ராத்திரியே தலைவலிக்கு முனைக்கடை சேட்டிடம் மாத்திரை கேட்டேன். "சர்தர்த்? யே கோலி லோ" என்று பச்சை உறை மாத்திரை கொடுத்தார். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒன்று போட்டேன். தலைவலி பேருக்குத்தான் குறைந்தது, வயிறு பற்றி எரிந்தது. இது என்ன வைத்தியம்? ஒன்றை வாங்கப் போய் இரண்டாக அல்லவா ஆனது!

அடுத்த வீட்டு மெஹராஜ் சிரிக்கிறாள். "பச்சை வேண்டாம்க்கா, சிவப்பு உறைதான் கேக்கும். எங்க வீட்ல எல்லாருக்கும் அதான். எதையாவது தின்னுட்டுப் போடுங்க."

ஜூன் 18, வியாழன்

சிவப்பு உறை வாழ்க! இரண்டு இட்லி தின்றுவிட்டு ஒன்று போட்டேன். பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் வலி போன இடம் தெரியவில்லை. வயிறும் எரியவில்லை. பாடிக்கொண்டே துணி துவைத்தேன்.

காலையில் ஒன்று, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒன்று. அந்த இரண்டு வேளைக்குத்தான் இந்த வலியும் அழைப்பு வைத்தது போல வருகிறது. ஏனோ தெரியவில்லை.

ஜூன் 27, சனி

அவர் கிராம்பை மென்றுகொண்டு உலகத்தையே முறைக்கிறார். குர்லா ஒர்க்‌ஷாப்பில் நேற்று யாரோடோ சண்டை. "ஒனக்கென்ன, காப்பி இல்லாமலே சிரிச்ச மொகமா இருக்கே" என்றார்.

"மனசுல உறுதி வேணும்" என்றேன். அப்படிச் சொல்லும்போது எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

பாவம், ஒரு இழுப்புக்கூட இழுக்கவில்லை, அது எனக்குத் தெரியும். இன்று வீட்டு மூலை மோரியில் குளிக்கும்போது அவர் இருமவில்லை. மறைப்புக்கு வெளியே சொம்பும் கையுமாக நின்று கேட்டேன். ஒரு தடவைகூட இல்லை. அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

ஜூலை 4, சனி

மனசு அடங்கவில்லை. எழுதினாலாவது அடங்குமா பார்ப்போம்.

சாயங்காலம் இருவரும் டாக்டரிடம் போனோம். அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "பிரமாதம், சளி எவ்வளவோ குறைஞ்சிருக்கு" என்றார் டாக்டர். நான் சும்மா வந்திருக்கக் கூடாதா? எனக்குத் தினமும் தலைவலி, பச்சை உறை வயிற்றை எரித்தது, இதுதான் கேட்கிறது என்று பெருமையாகச் சிவப்பு உறையை எடுத்து நீட்டினேன்.

டாக்டர் அதைத் திருப்பிப் படித்தார். "காப்பி குடிப்பீங்களா?"

"விட்டுட்டேன் டாக்டர். சத்தியம்."

சிரித்தாரே ஒரு சிரிப்பு! "எங்கம்மா விட்டீங்க? பச்சை வெறும் ஆஸ்பிரின். இதுவும் ஆஸ்பிரின்தான், ஆனா கூட கேஃபீன் இருக்கு. காப்பியில இருக்கே, அதேதான். காப்பியை விட்டதால வந்த தலைவலி, அதனால இதுக்குக் கேக்குது. வயிறு எரியாதது இட்லியாலதான், உறையோட நிறத்தால இல்ல. தினம் ரெண்டு போடுற பொருளா இது? நிறுத்துங்க."

நான் இவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பஸ் ஸ்டாப் வரை அவர் நாலடி முன்னாலேயே நடந்தார். பஸ் வந்ததும், "நீ போ, நான் வாரேன்" என்றார். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். பான் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

முடிந்தது. என் வாயால் கெட்டேன். கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியம் அல்லவா? முருகா, நான் தெரிந்து செய்யவில்லை. தண்டனை கொடுப்பதானால் என் தலைக்கே கொடு. அவர் நெஞ்சில் கை வைக்காதே. இருட்டிவிட்டது, இன்னும் காணோமே —

அதே நாள்

வந்துவிட்டார்! கதவைத் திறந்ததும் சட்டையை மோந்து பார்த்தேன். கிராம்பு வாசனை. அதையும் மீறி இன்னொரு வாசனை. கையில் சூடு ஆறாத பொட்டலம், மாட்டுங்காவில் அப்போதுதான் அரைத்த காப்பித்தூள்.

"சிகரெட் கேக்கத்தான் நின்னேன் வடிவு. கையைக்கூட நீட்டிட்டேன். அப்பத்தான் யோசிச்சேன். இத்தனை நாளும் நீ காப்பியை மாத்திரையா முழுங்கியிருக்கே. நான் ஒண்ணும் இல்லாம இருந்திருக்கேன். ஜெயிச்சது யாருட்டி?"

"நீங்கதான்" என்றேன்.

"ஜெயிச்சதை எவனாவது ரோட்டுல போடுவானா? கிராம்பு வாங்கிட்டு வந்துட்டேன். என்னைய விட வைக்கத்தானே நீ காப்பியை விட்டே? நான் விட்டாச்சு. நீ குடி. எப்பா, மனசுல உறுதி வேணுமாம்ல!"

இதை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். காட்டட்டும்.

ஜூலை 5, ஞாயிறு

டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவர் குளிக்கிறார். மறைப்புக்கு வெளியே நின்று கேட்டேன்.

பாடுகிறார். சகிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு வருகிறேன்.