மலை வீட்டுத் தோட்டாக்கள்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். சலாலாவுக்கு மழை சீசன் வந்துவிட்டது. மலைப் பக்கம் முழுக்க சவூதி, துபாய் நம்பர் வண்டிகள். ஒர்க்ஷாப்புக்குள் லேத் மேலேயே ஈரம். எண்ணெய்த் துணி போட்டுத் துடைத்தேன்.

பதினோரு மணிக்கு சலீம் என்று ஒரு ஓமானி. நாற்பது வயதிருக்கும், மின்சார ஆபீசில் வேலை. போர்வையில் சுற்றிய பழைய துப்பாக்கி ஒன்று கொண்டுவந்தார். அவர் அப்பாவுடையது. அதற்கான தோட்டாவை இப்போது யாரும் செய்வதில்லையாம். வேறு துப்பாக்கியின் காலித் தோட்டாக் கூடுகள், இருபது, ஒரு பையில். பெரிய சைஸ். கடைந்து, ஒடுக்கி, இந்தத் துப்பாக்கிக்குள் உட்காரும்படி ஆக்க வேண்டும்.

குண்டு வேண்டாம், சத்தம் வந்தால் போதுமாம். போலீஸ் அனுமதிக் காகிதம் இருக்கிறது. முதலாளி இரண்டு தடவை படித்து நகல் எடுத்துக்கொண்டார். வெடிமருந்து நிரப்புவது சுடும் கிளப்பில் லைசென்ஸ் உள்ள ஆள். எனக்குப் பித்தளைக் கூடு மட்டும்.

எதற்கு என்று கேட்டேன். இந்தியில் சொன்னார்: "அம்மா கேக்குது, முருகேசன் பாய். எதுக்குன்னு எங்கிட்டயே சொல்லல."

வாங்க: பேஸ்ட், தலைவலி மாத்திரை, மெஸ்ஸுக்கு வெங்காயம் (என் முறை).

ஜூலை 10, வியாழன்
கூட்டை ஒடுக்கும் அச்சு, டை, கடைந்து முடித்தேன். எட்டுக் கூடு அழுத்திப் பார்த்ததில் ஆறு கழுத்தில் கிழிந்தது. பழைய பித்தளை, முறுகிப்போய்க் கிடக்கிறது. மீதி பன்னிரண்டுதான். இனி கிடைக்காது என்று சலீம் சொல்லியிருக்கிறார். பயமாக இருக்கிறது.

மதியம் ஊரிலிருந்து என் வீட்டுக்காரி விஜயா போன். ஆகஸ்டில் ஊருக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். லீவ் அக்டோபருக்குத் தள்ளிப்போனதைச் சொன்னேன். போன தடவை போலக் கத்துவாள் என்று காத்திருந்தேன்.

"சரிங்க."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. நீங்க வந்தா வீட்டுக்கு யாரோ வந்த மாதிரி இருக்கு. பழகுறதுக்குள்ள பெட்டி கட்டிர்றீங்க."

இதற்குக் கத்தியே இருக்கலாம்.

ஜூலை 13, ஞாயிறு
வெயில் கொஞ்சம். பிறகு மறுபடி மூட்டம்.

இன்று அவசரப்படவில்லை. ஒவ்வொரு கூடாக, கழுத்தை மட்டும் கேஸ் டார்ச் தீயில் காட்டி, நிறம் மாறியதும் தண்ணீரில் தள்ளி, ஆறவிட்டு, டையில் கொஞ்சங்கொஞ்சமாக. அடி விளிம்பை லேத்தில் கடைந்து எடுத்தேன். பன்னிரண்டில் ஒன்பது நின்றது. முன்னால் தப்பிய இரண்டோடு பதினொன்று. விரல் நுனி எரிகிறது.

பக்கத்து ஹார்டுவேர் கடை காசிம் பாய், அதிராம்பட்டினத்துக்காரர், டீயோடு வந்தார். சலீம் குடும்பத்தை அவருக்குத் தெரியும்.

"அந்தப் பெரியவரு, சலீமோட வாப்பா, போன வருசம் மவுத்தாயிட்டாரு முருகேசு. வைத்தியத்துக்கு நம்ம மெட்ராஸுக்குத்தான் போனாரு. பெட்டியிலதான் வந்தாரு. ஏர்போர்ட்லேந்து நேரா மையவாடிக்குக் கொண்டு போயி அடக்கிட்டாங்க. வீட்டுக்கே கொண்டு போவல."

பதினொன்றையும் துணியில் சுற்றி வைத்தேன்.

ஜூலை 16, புதன்
பதினொன்றும் கொடுத்தாயிற்று. துப்பாக்கிக்குள் ஒவ்வொன்றும் சரியாக உட்கார்ந்தது. சலீம் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மாவைக் கூட்டி வந்திருந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி அரபியில் ஏதோ கேட்டது. பக்கத்தில் நின்ற காசிம் பாய் தமிழில் சொன்னார்:

"நீ மெட்ராஸான்னு கேக்குது."

சிவகங்கை. ஆனால் ஆமாம் என்றேன்.

"அங்க ஆஸ்பத்திரி ஜன்னல்லேந்து பாத்தா மலை தெரியுமாங்குது."

பரங்கிமலை ஞாபகம் வந்தது. "தெரியும்னு சொல்லுங்க பாய். நல்லாத் தெரியும்னு சொல்லுங்க."

கண்ணாடி ஏறிவிட்டது.

ஜூலை 25, வெள்ளி
சலீம் என்னையும் காசிம் பாயையும் மலைக்கு அழைத்துப் போனார். பனிமூட்டம். நடுரோட்டில் ஒட்டகங்கள், பத்து நிமிஷம் நின்றோம். கல் வீடு, பின்னால் மாட்டுக் கொட்டில். அம்மா எங்களுக்கு சலாம் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

வீட்டுக்குக் கீழே பாதை திரும்பும் மேடு. அங்கிருந்துதான் சுட வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தது. முதல் தோட்டா வெடிக்கவில்லை. சலீம் என்னைப் பார்த்தார். சற்றுப் பொறுத்து அதை எடுத்து வைத்துவிட்டு இரண்டாவதைப் போட்டார். வெடித்தது. பனிக்குள் அந்தச் சத்தம் பக்கத்து மலைக்கும் போய்த் திரும்பி வந்தது.

கதவு திறந்தது. அம்மா வாசலில் வந்து நின்றது. வேறு உடுப்பு, நீலப் பூப்போட்டது. எங்களைப் பார்க்கவில்லை, பாதையைத்தான் பார்த்தது. சலீம் ஏற அடி எடுத்து வைத்தார். கையைக் காட்டி நிறுத்தியது. தூறலில் அப்படியே நின்றோம், பத்து நிமிஷம் இருக்கும்.

பிறகு மலை பாஷையில் ஏதோ சொன்னது. காசிம் பாய்க்கும் புரியவில்லை. கடைசி அரபி வார்த்தை மட்டும் புரிந்தது: "கலாஸ்." முடிந்தது என்று.

மிச்சத் தோட்டாக்களைச் சுட வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டது. உள்ளே போய்விட்டது.

இறங்கும்போது வண்டியில் சலீம் சொன்னார். "அப்பா எங்க போயிட்டு வந்தாலும் அந்த மேட்டுல ஒரு வெடி போடுவார். அங்கேர்ந்து வாசலுக்கு ஏறி வர அவருக்குப் பத்து நிமிஷம். அம்மா உடுப்பு மாத்திட்டு வந்து நிக்கும். கடைசித் தடவ அந்த வெடியும் இல்ல, வந்து நிக்கவும் இல்ல." கண்ணாடித் துடைப்பான் ஓடிக்கொண்டிருந்தது. "அம்மா இப்ப சொன்னது அதான். 'நிக்க வேண்டியத நின்னுட்டேன். அவர் வரல. துப்பாக்கிய நீ வெச்சுக்கோ'ன்னுச்சு."

காசிம் பாய் வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்தார்.

ரூமுக்கு வந்ததும் விஜயாவுக்குப் போன் போட்டேன். உடனே எடுத்தாள்.

"என்னங்க, திடீர்னு?"

அக்டோபரில் நான் வரும்போது வாசலில் நிற்பாயா என்று கேட்கத்தான் போட்டேன். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது, காயப்போடணும் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.