சிரிக்கச் சொன்னவனை நீ அடித்த நாள்

என் செல்லக் குஞ்சு சஹானாவுக்கு,

இன்று காலை விசாரணை முடிந்துவிட்டது. நீ கட்டையால் அடித்துத் தோள் எலும்பை உடைத்தாயே, அந்த மனிசன் திங்கட்கிழமை திரும்பவும் பயிற்சி மண்டபத்துக்கு வருகிறான். அவனில் ஒரு குற்றமும் இல்லையாம். இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

உனக்குத் தமிழ் கதைக்கத்தான் வரும், வாசிக்க வராது. அதனால்தான் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். யாராவது வாசித்து உனக்குச் சொல்லட்டும். மண்டபத்து வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிற தாய்மாரும் வாசிக்கட்டும், அவர்களுக்குத்தான் கட்டாயம் தேவை.

வாசிக்கிறவர்களுக்காக நீ யாரென்று சொல்லிவிடுகிறேன், கோபிக்காதே. நீ என் அக்காவின் மகள். அமெரிக்காவில் பிறந்தவள். நாலு வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் விட்டார்கள், பதினைந்து வயதில் அந்த நாட்டுத் தேசிய அணியின் உடுப்புப் போட்டாய். அன்றைக்கு இங்கே கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் சொந்தக்காரர் நடந்த நடை இருக்கிறதே! மீன் வாங்கப் போன இடத்திலும் உன் படத்தைக் காட்டினார்கள்.

நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்கிறேன். விபத்தில் கை கால் முறிந்தவர்களுடைய கதை கேட்பதுதான் என் உத்தியோகம். ஆனாலும் போன வருசம் நீ கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கிய கோலத்துக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. இருபத்தாறு வயதுப் பிள்ளை, அவிழ்ந்த சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து கட்ட முடியாமல் என்னைப் பார்த்தாய். எங்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடியும் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டாக ஏறினாய்.

வந்த மூன்றாம் நாள் குசினியில் நின்று எல்லாம் சொன்னாய். பார் கம்பியில் தொங்கித் தொங்கி உள்ளங்கைத் தோல் உரிந்து வந்தால் அதைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பத் தொங்குவீர்களாம். காலையில் நிறுத்துப் பார்த்து, நிறை கூடினால் மத்தியானச் சாப்பாடு இல்லையாம். வலி மாத்திரைப் போத்தல் மட்டும் மேசையிலேயே இருக்கும், கேட்காமல் எடுக்கலாம். சாப்பாட்டை அளந்து, மாத்திரையை அளக்காமல் கொடுத்திருக்கிறார்கள், பாவிகள்.

பதினாறு வயதில் சமநிலைப் பீமில் இருந்து குதித்து இறங்கும்போது முதுகுக்குள் ஒரு சத்தம் கேட்டது என்றாய். காய்ந்த விறகை முழங்காலில் வைத்து முறிக்கிற சத்தம். முள்ளந்தண்டில் வெடிப்பு. அதோடு மாதக் கணக்கில் ஓடினாய், குத்துக்கரணம் போட்டாய், வோல்ட் என்கிற தாண்டு மேசையில் இருந்து விழுந்து எழும்பினாய். உலகப் போட்டிக்கு மேலதிக ஆளாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்வையாளர் பக்கத்தில் பையோடு இருத்தினார்கள். திரும்பி வந்து, முதுகு நோகிறது என்று முதன்முதலாக வாய் திறந்து சொன்னாய். அதற்குப் பிறகு யாரும் உன்னை அணிக்குக் கூப்பிடவில்லை. பல்கலைக்கழகத்துக்காகக் கொஞ்சக் காலம் ஆடினாய், பிறகு அதுவும் இல்லை. இதெல்லாம் கேட்டுக்கொண்டு என் மகள் மிதுனா கதவடியில் நின்றதை நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

உன் கோச் ஒரு பொம்பிளை. அடித்தாளா என்று கேட்டேன். எனக்குக் கேட்கத் தெரிந்த கேள்வி அதுதான். நீ இல்லையென்று தலையாட்டினாய்.

"இல்லை சின்னம்மா. அவ ஒருநாளும் அடிக்கேல்லை. சத்தம் போட்டும் கதைக்கேல்லை. ஸ்வீட்டி, சிரி, சிரி எண்டுதான் சொல்லுவா. அடிச்சிருந்தா எனக்கு விளங்கியிருக்கும்."

அந்தக் கோச்சை என் கையில் தந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எழுதினால் அச்சில் வராது. தேங்காய் துருவிக்கொண்டு நின்றவள், பாதித் தேங்காயைச் சுவரில் அடித்தேன். நீ பயந்துபோனாய். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாய், அது மெய்யான சிரிப்பு.

இப்போது ஒரு பழைய வீடியோவைச் சொல்லவேண்டும். உனக்கு ஒன்பது வயது. இரண்டு பக்கமும் கட்டை வைத்து, ஒரு கட்டையில் முன் காலும் மற்றதில் பின் காலும். நடுவில் நீ கால்கள் விரிந்து கிழிந்து கிடக்கிறாய். கோச்சின் முழங்கால் உன் இடுப்பில். கன்னத்தால் கண்ணீர் ஓடுகிறது, முகமோ பல் தெரியச் சிரிக்கிறது. அக்கா அதற்கு ஒரு பாட்டையும் போட்டு வாட்ஸ்அப்பில் குடும்பம் முழுவதற்கும் அனுப்பினா. எல்லோரும் கை தட்டினார்கள். பிள்ளை அழுகிறாள், கண் தெரியவில்லையா என்று நான் அக்காவோடு சண்டை பிடித்தேன். அது ஆனந்தக் கண்ணீர், உனக்கு ஸ்போர்ட்ஸைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டா. ஆறு மாதம் நாங்கள் கதைக்கவில்லை.

மிதுனாவுக்கோ நீதான் தெய்வம். சஹானா அக்கா மாதிரி வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று வகுப்பில் சேர்ந்தாள். அந்த வீடியோவைக் கொண்டுபோய்த் தன் கோச் சேருக்குக் காட்டியதும் அவள்தான், பெருமையில். அந்த மனிசன் அதை வாங்கி வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் நம்முடைய தமிழ்ப் பிள்ளை இப்படித்தான் வந்தது என்று சொல்லித் தாய் தகப்பனுக்கெல்லாம் காட்டத் தொடங்கினான். பயிற்சி நடக்கும்போது எங்களை உள்ளே விடுவதில்லை. வெளியில் போட்டிருக்கிற வாங்குப் பலகையில் இருந்தால் பாட்டுச் சத்தம் மட்டும் கேட்கும்.

அன்றைக்கு நீயும் என்னோடு வந்தாய். உன்னைக் கண்டதும் அவனுக்குத் தலைகால் தெரியவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான், உன் புண்ணியத்தில் நானும் முதல் தடவையாக உள்ளே போனேன். சுவரில் பெரிய திரை. அதில் உன் வீடியோ ஓடுகிறது. திரைக்குக் கீழே வரிசையாகக் கட்டைகள், கட்டைகளில் பிள்ளைகள், முன்னால் மிதுனா.

அவன் மிதுனாவின் இடுப்பில் முழங்காலை வைத்து அழுத்தினான். "சிரி" என்றான். திரையைக் காட்டி, "அக்காவைப் பார், அக்கா மாதிரிச் சிரி" என்றான். எல்லாப் பிள்ளைகளும் அழுதுகொண்டு சிரித்தார்கள். அந்த விசரன், உன் சிரிப்பும் பயிற்சியில் ஒரு பகுதி என்று நினைத்திருக்கிறான். உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து அதையும் சேர்த்துப் பழக்கியிருக்கிறான்.

குனிய முடியாத பிள்ளை குனிந்தாய். மிதுனாவின் காலை மெல்ல எடுத்து நிலத்தில் வைத்துவிட்டு, அந்தக் கட்டையைத் தூக்கி அவன் தோளில் இறக்கினாய். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் விழ, விழ இன்னொரு அடி. வாயில் பட்டுப் பல்லும் இரத்தமும் பிள்ளைகள் கைக்குப் பூசுகிற வெள்ளைச் சோக் தூளில் தெறித்தது. மூன்றாவது அடிக்கு முன்னம் நான் உன்னைக் கட்டிப் பிடித்தேன். உண்மையைச் சொல்லட்டுமா? எனக்குப் பயம் வரவில்லை, சந்தோசம்தான் வந்தது. கொஞ்சம் பிந்திப் பிடித்தேன்.

பொலிஸில் இருந்த பெரியவர் உன்னையும் உன் நடையையும் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளையா அவ்வளவு பெரிய ஆளை அடித்தது என்று சிங்களத்தில் என்னிடம் கேட்டார். ஓம், இவதான், இன்னும் அடித்திருக்க வேண்டும் என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். அவனும் முறைப்பாடு போட்டான், நாங்களும் போட்டோம். விளையாட்டுச் சங்கம் விசாரணை வைப்பதாகச் சொன்னது. நான்தான் சாட்சி சொல்லுவேன், முதலில் நான்தான் என்று நீ நாள் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்குள் உன் கிட்னி உன்னைக் கைவிட்டுவிட்டது. வந்தபோதே பாதி போயிருந்ததாம், என்னிடம் மறைத்துவிட்டாய். அத்தனை வருச மாத்திரை. களுபோவில ஆஸ்பத்திரியில் வீங்கிப்போன உன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நீ கேட்டதெல்லாம் விசாரணை எப்போது என்றுதான்.

உன் உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்கு அவனும் வந்தான், கையைத் தூளியில் கட்டிக்கொண்டு. விம்மி விம்மி அழுதான், நடிப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அமெரிக்காவில் இருந்து வந்திருந்த அக்கா அவன் கையைப் பிடித்து, என் பிள்ளை செய்தது பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னா. அக்காவை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய் நான் பேசிய பேச்சுக்கு இனி அவ என் வீட்டு வாசல் மிதிக்க மாட்டா. மிதிக்காவிட்டால் போகட்டும்.

இன்று காலை நான் கண்டதைச் சொன்னேன், அடித்தவளின் சின்னம்மா என்று தள்ளிவிட்டார்கள். பிறகு பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சேர் நல்லவர், சேர் ஒன்றும் செய்யவில்லை. எல்லாப் பிள்ளையும் அதையே சொன்னது. தாய்மார் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார்கள், தீவு மட்டப் போட்டி வருகிறதல்லவா? கடைசியாக மிதுனா. எனக்கு நம்பிக்கை இருந்தது. அவள் நிமிர்ந்து நின்று, "சேர் ஒண்டும் செய்யேல்லை. அக்காதான் சேரை அடிச்சவ" என்றாள்.

ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். வீட்டுக் கதவைச் சாத்தினேன். ஏன் பொய் சொன்னாய் என்று கையை ஓங்கினேன். சஹானா, அவள் சிரித்தாள். பல் தெரிய, கழுத்தை நிமிர்த்தி. நக்கல் இல்லை. அடி வருகிறது என்று தெரிந்ததும் முகம் தானாகச் சிரிக்கிறது, தான் சிரிப்பது அவளுக்கே தெரியாது. ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் நிலத்தில் இருந்துவிட்டேன்.

"மிது, அந்தக் கட்டையில விடேக்க நொந்ததா?" என்று கேட்டேன். திரும்பவும் கேட்டேன்.

"நொந்தது அம்மா. சொன்னா என்னை டீமில இருந்து எடுத்துப்போடுவார். சஹானா அக்கா நோகுது எண்டு சொன்னாப் பிறகு ஒருத்தரும் அவவைக் கூப்பிடேல்லைத்தானே."

இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்? நீ உன் உயிரைக் கொடுத்துச் சொன்ன கதையில் அவள் பொறுக்கி எடுத்தது அதைத்தான். பதினொரு வயது.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. முதலில் முகம் இழுத்து இழுத்துச் சிரிக்கப் பார்த்தது, பிறகு உடைந்தது. ஊளையிட்டாள். என் நெஞ்சில் குத்தினாள், தோளில் கடித்தாள், பல் அடையாளம் இன்னும் இருக்கிறது. கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி என்ன சத்தம் என்று கேட்டார். என் பிள்ளை அழுகிறாள், உங்களுக்கு என்ன இப்போது என்று கேட்டு முகத்தில் அடித்த மாதிரிக் கதவைச் சாத்தினேன்.

கொஞ்சம் ஓய்ந்ததும், இனி என்னைப் பாரில் தொங்க விடமாட்டீர்களா என்று கேட்டாள். அவளுக்கு அது விருப்பம், குஞ்சு. உனக்கும் விருப்பமாகத்தான் இருந்தது, இல்லையா? விடுவேன் என்று சொன்னேன். தாய் உள்ளே நின்று பார்க்கக்கூடிய ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து விடுவேன். கொழும்பில் இல்லாவிட்டால் எங்கே இருந்தாலும்.

திங்கட்கிழமை அவள் மண்டபத்துக்குப் போகமாட்டாள். நான் போவேன். அந்த வாங்கில் இருக்கமாட்டேன். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், அவனுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நிற்பேன். பொலிஸைக் கூப்பிட்டால் கூப்பிடட்டும், அந்தப் பெரியவருக்கு என்னைத் தெரியும். செவ்வாயும் போவேன். மற்றத் தாய்மாரும் எழும்பி உள்ளே வரும் வரைக்கும் போவேன். இது உனக்குச் செய்கிற சத்தியம்.

மிதுனா பக்கத்து அறையில் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள். போதும், நிறுத்து என்று வாய் வரை வருகிறது. சொல்லமாட்டேன். எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் அழட்டும், நான் விழித்திருக்கிறேன்.

உன்னை அழ விட அப்போது பக்கத்தில் இல்லாமல் போன,
உன் சின்னம்மா