பதினோரு நிமிடம் சத்தமில்லை

ஜூலை 14, 2025
அண்ணன் இன்று சென்னைக்குக் கிளம்பினான். படத்துக்கு நிறம் சரிசெய்யும் வேலை அங்கே. ஒலிக்கலவை இங்கே, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு மாடியில், என் பொறுப்பு. அண்ணன் அழகுராஜாவுக்கு இயக்குநராக இது முதல் படம். சூப்பர் ஹீரோ படம்தான், ஆனால் நாயகி மினிபஸ் கண்டக்டர். ஊரில் யார் எங்கே அழுதாலும் அவள் காதில் விழும், ஓடிப்போய்க் காப்பாற்றுவாள். பாதிப் படம் சிரிப்பு. பிறகு பேய்க்கதையாகிவிடுகிறது. கடைசியில் அவளுக்குக் காது போகிறது. அதன் பிறகு பதினோரு நிமிடம், பெரிய சண்டை உட்பட, ஒரு சத்தமும் கிடையாது.

எட்டு வருடம் சென்னையில் இந்த வேலை பார்த்தேன். சத்தத்தை மொத்தமாக எடுக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஜூலை 19
காதர் பாய் போன் செய்தார். ராஜபாளையத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார், படத்தின் தயாரிப்பாளர். “ஏம்மா வெங்கடேஸ்வரி, சண்டையில சத்தம் இல்லன்னா ஸ்பீக்கர் போச்சுன்னு கத்துவாங்கம்மா. உங்க அண்ணன் கேக்க மாட்டேங்கான். நீ லேசா ஒரு மேளம் போட்டு விடு.”

அண்ணனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். கேட்கவில்லை.

ஜூலை 23
போட்டுவிட்டேன். அடியில் ஒரு உறுமி மட்டும் — மிக மெதுவாக. அவன் நல்லதுக்குத்தானே? படம் ஓட வேண்டாமா? அப்படியென்றால் ஏன் சொல்லாமல் செய்கிறேன்?

ஜூலை 28
ஆண்டாள் தேர். தெருவெல்லாம் கூட்டம். மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு கடைசிப் பிரதியை அனுப்பினேன். அண்ணன் போனில், “நீ கேட்டுட்டேல்ல, அது போதும்” என்றான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி
ராஜபாளையம், முதல் காட்சி. அண்ணன் பக்கத்து இருக்கையில். உறுமி தொடங்கியதும் திரும்பினான். அதற்குப் பிறகு அவன் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். சண்டை முடியும்வரை கூட்டம் கை தட்டியது.

வெளியே பாய்க்கு வாயெல்லாம் பல். “பாத்தீயளா, எம்புட்டு கைதட்டல்.”

அண்ணன் பைக்கை எடுத்தான். “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், ஈஸ்வரி.”

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

ஆகஸ்ட் 9
அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. மகாராஜபுரத்தில் சித்தி வீட்டில் இருக்கிறானாம்.

ஆகஸ்ட் 12
கூட்டம் குறைந்துவிட்டது. பாய் கடைக்கே போய்க் கேட்டேன். உறுமி போடாத பிரதி என்னிடம்தான் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டரில் மட்டும் அதை ஓட்டிப் பார்ப்போம் என்றேன்.

“கத்துனாங்கன்னா நீதாம்மா பதில் சொல்லணும்.”

“சொல்லுதேன், பாய்.”

ஆகஸ்ட் 13
மதியக் காட்சி. முப்பது பேர் இருப்பார்கள். கதவருகே நின்றேன். சத்தம் நின்றது. உடனே விசில். “ஏலே, சவுண்ட வையி” என்று ஒரு குரல். ஒருவர் எழுந்து வந்தார்.

“என்னம்மா, மிஷின் கோளாறா?”

“இல்லண்ணே. அவளுக்குக் காது கேக்கல. அதான் நமக்கும் கேக்கல.”

என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். இருக்கைக்குப் போகாமல் அங்கேயே நின்று பார்க்க ஆரம்பித்தார். மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது. திரையில் ஒருவன் இரும்புக் கம்பியோடு அவளுக்குப் பின்னால் வருகிறான், அவளுக்குத் தெரியாது. முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

“ஏட்டி, பின்னால வாரான், திரும்பு!”

அப்புறம் இன்னொருவர். பிறகு எல்லோரும். அத்தனை பேரும் அவளைக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கேட்கவில்லை.

அழுதுவிட்டேன். நான் உறுமி போட்ட இடம் அதுதான்.

வெளியே வந்ததும் அண்ணனுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். “என்னன்னு கத்துனாக?” என்று கேட்டான். சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னான். பிறகு, “நாளைக்கும் அதத்தான் ஓட்டுதாகளா?” என்றான்.

ஆகஸ்ட் 14
கடைசி நாள். நாளை முதல் வேறு படம். அண்ணன் வந்து பின்வரிசையில் தனியாக உட்கார்ந்தான். இன்று யாரும் கத்தவில்லை. நாலு பேர் நடுவில் எழுந்து போனார்கள். மற்றவர்கள் அசையவில்லை. போகும்போது, “சாப்பிட்டியா?” என்றான்.

செப்டம்பர் 21
அண்ணன் இன்னும் சித்தி வீட்டில்தான். காலையில் வந்து புதுக் கதையைக் கொடுத்துவிட்டுப் போனான். ஒவ்வொரு பக்கத்திலும் இடதுபாதியில்தான் எழுதியிருக்கிறான். சத்தங்களைக் குறிக்கும் வலதுபாதி வெறுமை. “அது ஒனக்கு” என்றான்.

மூன்றாம் பக்கத்தில் ‘மழை’ என்று மட்டும் இருக்கிறது. பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டு போன் செய்தேன். தகரத்தில் விழும் மழையா, ஓட்டில் விழும் மழையா?

“தெரியலட்டி. கெளம்பி வா, பேசுவோம்.”

கிளம்புகிறேன்.