விழித்திருந்து பாடவேண்டிய பாட்டு

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து குளிர்கால மழை. கிரவீனில் அண்ணா வீட்டுக் கூரைத் தண்ணீர் ஓடும் பீலி அடைத்து வழிகிறது. ஆள் கூப்பிட வேண்டும். வேலையில் லீவு சொல்ல வேண்டும்.

இன்று டொக்டரிடம் அண்ணா, ஷீலா அண்ணி, நான். அண்ணாவின் மூளைக் கட்டி பேச்சுக்குரிய இடத்தை ஒட்டி இருக்கிறதாம். அதனால் சத்திரசிகிச்சையின் நடுவில் அண்ணாவை விழிக்கவைத்துப் பேசச் சொல்வார்கள். நோகாதாம். பேச்சுத் தடுமாறினால் அங்கே நிறுத்திவிடுவார்கள். மனப்பாடமான பாட்டு ஏதாவது கொண்டுவரலாம், திரையில் சொற்கள் ஓடினால் இன்னும் நல்லது என்றார் டொக்டர்.

அண்ணா உடனே என்னைப் பார்த்தார். "ரெஜி, அந்தக் கௌபாய் கார்ட்டூன்."

அண்ணிக்கு முகம் கறுத்துவிட்டது. காரில்: "மாதா பாட்டு எத்தினை இருக்கு. சாகக் கிடக்கேக்கை குதிரைப் பாட்டோ?" சொன்னபிறகுதான் தான் சொன்னது அவருக்கே காதில் விழுந்தது. வீடு வரும்வரை வைப்பர் சத்தம் மட்டும்.

ஜூலை 8, செவ்வாய்

மழை இல்லை. குளிர். மத்தியானம் சாப்பிடாமல் இணையத்தில் அந்தக் கார்ட்டூனைத் தேடல்.

கொழும்பு லொட்ஜ். விசாவுக்குக் காத்திருந்த மாதங்கள். அப்போது அண்ணாவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு. வெளியே ஆமியின் சுற்றிவளைப்பு. உள்ளே ஒரு வீடியோ டெக், ஒரே ஒரு கசெற். எல்லாம் பழைய பாட்டுக் கார்ட்டூன்கள். பெரிய தொப்பிக் கௌபாய், ஆற்றைக் கண்டால் நகராத குதிரை. கீழே பாட்டின் சொற்கள், அவற்றின் மேல் துள்ளிப் போகும் வெள்ளைப் பந்து. அப்பாவின் கட்டளை: "தமிழிலை சத்தம் கேக்கக் கூடாது. இங்கிலீசிலை எண்டாப் பாடுங்கோ."

எங்களுக்கு இங்கிலீஷ் எங்கே தெரியும்? "மை பொனி வோன்ட் கோ", என் குதிரை நகராது, என்பதை "மாமி பாண் வேண்டப் போ" என்று பாடுவேன். அண்ணா என் விரலைப் பிடித்து, பந்து எந்த எழுத்தில் குதிக்கிறது என்று காட்டுவார். ஒருநாள் மாடிப்படியில் சப்பாத்துச் சத்தம். பாட்டை நிறுத்தவேண்டாம் என்று அம்மா கண்ணால் காட்டினார். கதவு தட்டப்பட்டது, திறந்தது, மூடியது. நாங்கள் பாடிக்கொண்டே இருந்தோம்.

பின்னேரம் கிடைத்தது! வேறு தலைப்பில். கறுப்பு வெள்ளைப் படம். எனக்கோ சிவப்புத் தொப்பி ஞாபகம். அண்ணாவுக்கு ஃபோன். "சிவப்பு எண்டு நீதான் சொன்னனீ. எனக்கு அது எப்பவும் நீலம்."

ஜூலை 10, வியாழன்

வாங்கியது: பாண், பால், அண்ணாவுக்குப் பொத்தான் வைத்த சேட். தலைவழியே போடுவது இனிச் சரிவராது.

பின்னேரம் அண்ணா வீட்டில் ஒத்திகை. முதல் தடவை அண்ணா முழுதும் பாடினார். அண்ணி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இரண்டாம் தடவை. பந்து 'பொனி' மேல் குதித்தது. அண்ணாவின் வாய் திறந்தபடி. சத்தம் இல்லை. பந்து போய்விட்டது. படத்தை நிறுத்தினேன்.

"தெரியுது ரெஜி. என்ன சொல்லெண்டு தெரியுது. வருகுதில்லை."

அண்ணி வந்து அவருடைய கதிரையோடு ஒட்டி நின்றார். "திருப்பிப் போடு" என்றார் என்னிடம். மூன்றாம் தடவை அண்ணியும் சேர்ந்து பாடினார், பாதிச் சொல் பிழையாக.

நான் கிளம்பும்போது அண்ணா: "கட்டியை முழுக்க எடுக்க ஏலாட்டி மிச்சத்தை விடச் சொல்லி டொக்டரிட்டைச் சொல்லிப்போட்டன். கதைக்க ஏலாமல் இருக்க எனக்கு விருப்பமில்லை." அண்ணி புதுச் சேட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 14, திங்கள்

வெயில், ஆனால் கடும் குளிர். விடியவே அண்ணாவைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அண்ணி கையில் செபமாலை. என் தேத்தண்ணி ஆறிப்போய்.

எதிரே ஒரு தமிழ்நாட்டுக்காரர் ஃபோனில்: "ஆமாம்மா, சாப்ட்டேன், சாப்ட்டேன்." எங்கே சாப்பிட்டார்? காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

பின்னேரம் டொக்டர் வந்தார். அண்ணா நன்றாகப் பாடினாராம். தாதிமாரும் சேர்ந்துகொண்டார்களாம். பிறகு மூளையில் ஓரிடத்தைத் தொட்டபோது, பந்து போக, அண்ணாவின் பாட்டு நின்றுவிட்டதாம். விட்டால் பாட்டு. தொட்டால் மௌனம். அந்த இடத்தை வெட்டாமல் விட்டுவிட்டார்கள். கட்டியில் பெரும்பகுதி போய்விட்டது, கொஞ்சம் மிச்சம். அதற்கு மருந்தும் கதிர்ச் சிகிச்சையும். வீக்கம் வற்றும்வரை பேச்சு வராமலும் இருக்கலாம்.

அண்ணி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். டொக்டர் போனபின் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார். "இப்ப அவருக்குச் சொல்லாதை ரெஜி. கொஞ்சம் தேறட்டும்."

ஜூலை 15, செவ்வாய்

கண் திறந்தார். என் கையை அழுத்தினார். பெயர் கேட்டார்கள், உதடு மட்டும் அசைந்தது. பேச்சு இல்லை.

பீலி ஆள் ஃபோன் பண்ணினார். எடுக்கவில்லை.

ஜூலை 16, புதன்

அண்ணி கோப்பி வாங்கக் கீழே போன நேரம்.

"ரெஜி."

திடுக்கிட்டுத் திரும்பினேன்.

"மிச்சம்... இருக்கோ?"

பேச்சு வந்துவிட்டது! எனக்கு அழுகையும் சிரிப்பும். தாதியைக் கூப்பிட எழும்பினேன். அண்ணா என் கையை விடவில்லை. திரும்பவும் அதையே கேட்டார். அப்போதுதான் என்ன கேட்கிறார் என்று விளங்கியது.

"ஓம் அண்ணா. கொஞ்சம் விட்டிருக்கினம்."

கண்ணை மூடினார். நித்திரை என்று நினைத்தேன்.

"ஷீலா... அழுதவளோ?"

"ஓம்."

"கூப்பிடு."

வெளியே போனேன். அண்ணி இரண்டு கோப்பியோடு வந்துகொண்டிருந்தார்.

"அண்ணா கதைக்கிறார்."

"என்ன... என்ன கதைச்சவர்?"

"உங்களைத்தான் கேட்டவர்."

கோப்பிகளை என் கையில் தந்தார். ஓடவில்லை. கதவடியில் நின்று முகத்தைத் துடைத்தார், தலைமயிரைச் சரிசெய்தார், பிறகு உள்ளே போனார்.