மேடையில் மிக்ஸிச் சத்தம் வேண்டாம்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, எனக்கும் ஒரு குறையும் இல்லை, நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். உனக்கு விருது என்று தெரிந்ததிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் படவில்லை. பெண்கள் மேல் நடக்கிற வன்முறையைப் பொறுப்போடு எழுதினதுக்கு என் பொண்ணுக்குப் பரிசு என்று பால்காரரிலிருந்து பல் டாக்டர் வரைக்கும் சொல்லிவிட்டார். பல் டாக்டரிடம் வாய் நிறையப் பஞ்சோடு சொன்னாராம். விழாவுக்குப் போக ஒரு கோட் வேறு நான் தைத்துத் தர வேண்டுமாம், தையல்கடைக்காரியின் புருஷன், கடையில் வாங்கிப் போட்டால் மானம் போய்விடுமாம். இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் இனிமேல் எழுதப்போவதை ஃபோனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் அழுதுவிடுவேன், பாதியில் நின்றுபோகும். அதனால் எங்காவது உட்கார்ந்து படி.

நேற்று நீ சொன்னாயே, உன் கட்டுரையைச் சின்னப் படமாக எடுத்து விழாவில் போடுகிறார்கள், முதலில் இருட்டில் மிக்ஸி ஓடும் சத்தம் மட்டும் கேட்குமாம், டி.வி.யிலும் வருமாம், அதில் வரும் நம் கடைக் காஜாவை முகத்தை மூடியாவது மேடைக்கு அழைத்துவர முடியுமா என்று கேட்கிறார்கள் என்று. குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை அம்மாடி. காஜாவால் வர முடியாது. அவள் தாடை உடைந்து கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது.

நீ வந்திருந்தபோது நம் கடை உள்ளறையில், சட்டைகளுக்கு அவள் காஜா எடுத்துக்கொண்டிருந்த மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசினாய். பட்டன் ஓட்டைக்கு நூல் சுற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள், அடிக்கிறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரர் மிக்ஸியைச் சும்மா ஓடவிடுவார், சத்தம் வெளியே போகாதில்ல என்று. உங்க வீட்டுல என்ன தினமும் விருந்தா என்று அவளை நாங்கள் எத்தனை தரம் கேலி செய்திருக்கிறோம். எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினாய். பெயர் கிடையாது, தெரு கிடையாது, தொழில் கிடையாது, பிள்ளைகுட்டி உண்டா என்பதுகூடக் கிடையாது. உங்கள் வேலையில் என்னென்ன மறைக்க வேண்டுமோ அத்தனையும் மறைத்திருந்தாய், நானும் நன்றாயிருக்கிறது என்றேன். மிக்ஸி மட்டும் இருந்தது. அதுவே தலைப்பாகவும் வந்தது, விருதுக்காரர்களும் அதைத்தான் மெச்சியிருக்கிறார்கள். நம் தெருவில் ஒருவருக்கும் பொறிதட்டவில்லை, எந்த வீட்டில்தான் மிக்ஸி இல்லை. ஆனால் அதை ஓடவிட்டவனுக்கு வேறு என்ன அடையாளம் வேண்டும் சொல்.

பேப்பர் வந்த அன்று அவன் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் சாப்பாட்டு நேரத்தில் ஒருவன் அதைச் சத்தமாகப் படித்திருக்கிறான். எவன்டா இந்த நாய் என்று எல்லோரும் திட்டியிருக்கிறார்கள், இவனும் கூடச் சேர்ந்து திட்டினானாம். அப்புறம் கையில் இருந்த கிரீஸை நிதானமாகக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறான். காஜா அன்றைக்கு வேலையை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள், நம் கடைக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மிக்ஸி ஓடவில்லை, அதனால்தான் எனக்குக் கேட்டது. இனிமே அது எதுக்குடி, அதான் ஊருக்கே படிச்சுக் காட்டிட்டியே என்றான். அடுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மிக்ஸி ஜாரை எடுத்து முகத்தில் அடித்திருக்கிறான், அது நசுங்குகிறவரைக்கும். நான் போய்ப் பார்க்கும்போது அவள் சுவரோரம் கிடந்தாள், முடியைச் சுற்றிப் பிடித்துத் தலையைத் தூக்கி, அந்தப் பத்திரிகைக்காரிகிட்ட சொன்ன வாயால இப்ப சொல்லு, சொல்லுடி என்று தரையில் மோதிக்கொண்டிருந்தான். வாய் இருந்தால்தானே சொல்ல. என் கையில் இஸ்திரிப்பெட்டி இருந்தது, ஒயரோடு பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. அவன் முழங்கையில் வைத்து அழுத்தினேன். தோல் கருகுகிற வாடை வரும்வரை எடுக்கவில்லை. என்னைத் தள்ளிவிட்டுக் கெட்ட வார்த்தையாகக் கத்திக்கொண்டு ஓடினான். தரையெல்லாம் வெள்ளைப் பட்டன் சிதறிக் கிடந்தது. அள்ளிக் கையில் போட்டுப் பார்த்தேன், பட்டனோடு பல்லும் இருந்தது.

அவனைப் பிடித்தார்கள், ஜாமீனில் வந்துவிட்டான். கேஸை வாபஸ் வாங்கச் சொல்லி ஆள் அனுப்புகிறான். என் மேலும் புகார் கொடுத்திருக்கிறான், இஸ்திரிப்பெட்டியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் வைத்துக்கொண்டார்கள், போலீஸ்காரர் ஒருவர் நல்லா சூடா வச்சிருந்தீங்க போலிருக்கேம்மா என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவுக்கு எல்லாம் தெரியும். அவர் விருதைப் பற்றியே ஊரெல்லாம் பேசித் திரிவது, மற்றதைப் பேசாமல் இருக்கத்தானோ என்று இப்போது தோன்றுகிறது. உன்னிடம் சொல்ல வேண்டாம், பாப்பா நொந்துபோயிடும் என்று ஆஸ்பத்திரியில் அவள்தான் என் கையைப் பிடித்துச் சைகையால் கெஞ்சினாள், நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அந்தச் சத்தத்தை டி.வி.யில் போட்டு, அது அவன் காதில் இன்னொரு தரம் விழுந்தால் அவன் தேடிக்கொண்டு கிளம்புவான், இந்தத் தடவை தாடையோடு விடமாட்டான். காஜா இப்போது எங்கே இருக்கிறாள் என்று இதில் எழுதமாட்டேன், நீயும் கேட்காதே.

உனக்கு அப்பாவின் கோபம், இதைப் படித்தவுடன் விருதே வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் இன்று காலை அவளையே போய்க் கேட்டேன். அவளால் பேச முடியாதே, எழுதிக் காட்டட்டும் என்று கொஞ்சம் கருப்பு லைனிங் துணியும் வெட்டுச் சாக்கட்டியும் கொண்டுபோயிருந்தேன். பாப்பா எழுதினதுல ஒரு பொய்யும் இல்ல, வாங்கட்டும் என்று எழுதினாள். கொஞ்ச நேரம் சாக்கட்டியை உருட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் கீழே, அவனும் படிப்பான்னு அங்க எல்லார்கிட்டயும் சொல்லச் சொல்லுங்க என்று எழுதினாள். நான் படித்தேனா என்று முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியைத் தட்டி அழித்துவிட்டாள்.

அதனால் நீ போய் வாங்கிக்கொள் கண்ணு. படம் வேண்டாம், சத்தம் வேண்டாம் என்று இன்றைக்கே அவர்களிடம் கண்டிப்பாகச் சொல், கேட்காவிட்டால் மேடை ஏறாதே. ஏறினால் நன்றி சொல்லி இறங்கிவிடாமல், அவள் சொல்லச் சொன்னதைச் சொல், முன் வரிசையில் இருக்கும் பத்திரிகைக்காரர்கள் எல்லோரையும் பார்த்துச் சொல். அவள் பெயர் உன் வாயில் வரக்கூடாது, நானும் இதில் காஜா என்றுதான் எழுதியிருக்கிறேன். அழ வேண்டுமானால் வீட்டுக்குப் போய் அழு, சாப்பிட்டுவிட்டு அழு. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உன் பேனாவுக்குப் பயமும் இருக்க வேண்டும், பலமும் இருக்க வேண்டும்.

படித்து முடித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா