மீன்பிடிப் படகை அழிக்கச் சொல்கிறார்கள்

உன் ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டினேன். காதுப் பஞ்சில் இன்னும் உன் நீலகிரித் தைல வாசனை. மாட்ட வைத்தது இன்று வந்த மின்னஞ்சல். திரையில் எதுவும் தெரியாமல், சத்தத்தை வைத்தே கப்பலைக் கண்டுபிடிக்கும் நம் நீர்மூழ்கி வீடியோ கேமை ஒரு பெரிய கம்பெனி வாங்கிக்கொள்கிறதாம். இரண்டு நிபந்தனை. எதிரிக் கப்பலின் மேல் சிவப்பு அம்புக்குறி வேண்டும். மீன்பிடிப் படகுகள் இருக்கக் கூடாது.

படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது, முசியே.

பிரெஞ்சுக் கடற்படையில், நீர்மூழ்கிக்குள் உட்கார்ந்து சத்தத்தை வைத்தே கப்பலை அடையாளம் சொன்னவன் நீ; அதனால்தான் எனக்கு நீ 'முசியே'. தட்டாஞ்சாவடியில் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டே, புத்தகம் பார்த்து கம்ப்யூட்டர் கற்றவன் நான். காலாப்பட்டுக் கடலில் மைக்கை இறக்கி ஒலி பிடித்த அன்று, கண்ணை மூடிக்கொண்டே சொன்னாய்: "இது என் தம்பி படகுண்ணே. ஒரு சிலிண்டர் தட்டுது பாரு." அந்தச் சத்தத்தைத்தான் கேமில் வைத்தோம். படகை அடித்தால் ஆட்டம் முடிந்தது என்ற விதியும் உன்னுடையதுதான்.

கேமை வாங்கி ஆடியவர்கள் என்ன செய்தார்கள்? ஒன்றுமே நடக்கவில்லை என்று சலித்துப்போய், கேட்ட முதல் சத்தத்தை அடித்தார்கள்; அது உன் தம்பி படகு. ஆட்டம் முடிந்ததும் காசைத் திரும்பக் கேட்டார்கள். இணையக் கடையும் கொடுத்தது. நீயோ சிரித்தாய். "ஒண்ணும் நடக்கலன்னா உள்ள இருக்கறவன் உயிரோட இருக்கான்னு அர்த்தம்ண்ணே. இத எவனுக்குப் போய் சொல்றது?"

அப்படிப்பட்ட நீயே ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாறினாய். "அந்த அம்புக்குறிய வெச்சுடுண்ணே. நான் இருக்கறப்பவே நாலு பேர் ஆடிப் பாக்கணும்."

"வெச்சா அது உன் கடலே இல்லடா."

"பிடிவாதம் புடிச்ச கெழவன்" என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நீ போகும்வரை அது என் பக்கம் திரும்பவே இல்லை.

இன்று கையெழுத்துப் போட்டால் நாலு பேர் என்ன, ஊர் உலகமே ஆடும். கம்பெனிப் பெண் போனில் சொன்னாள்: "இவ்ளோ பொறுமையான கேமுக்கெல்லாம் இனிமே எதிர்காலம் இல்ல சார்."

"எதிர்காலத்துல கடல்ல மீன் புடிக்கறவங்களும் இருக்க மாட்டாங்களாம்மா?" என்றேன். போனை வைத்தேன்.

முடியாது என்று எழுதி அனுப்பிவிட்டேன். நீ கேட்டதை உனக்குத் தராத குற்றம் என்னோடு இருக்கட்டும். இத்தனை நாள் சுமந்ததை இனியும் சுமக்கிறேன். ஆனால் உன் தம்பி இன்றைக்கும் கடலுக்குப் போயிருக்கிறான். விளையாட்டுக்குக்கூட அவனை நான் இல்லாமல் செய்ய மாட்டேன்.