சீனாக்காரன் பண்டம்

கலீல் அண்ணனுக்கு,

ஸ்கூலுக்குப் போகிறேன். நேரில் பேசினால் வார்த்தை தடித்துவிடும் என்றுதான் எழுதி வைக்கிறேன். சோறும் மீன் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன்.

நேற்று நீங்கள் சாக்கடையில் கொட்டியது, புத்தூர் ஆஸ்பத்திரியில் சோறு இறங்காமல் படுத்திருக்கும் அண்ணிக்காக உங்கள் பிள்ளைகள் செய்தது. சின்ன வயதில் ரங்கூனில் சீனர் கடையில் தின்ற குச்சிப்பழம் வேண்டும் என்று ரசூலிடம் அவர்தான் கேட்டார். இலந்தைப்பழத்தைக் குச்சியில் கோத்துப் பாகில் முக்கும்போது சாரா விரலைச் சுட்டுக்கொண்டாள், அழவில்லை. நீங்கள் கொட்டியபோதுதான் அழுதாள்.

"எல்லையில சண்டை நடக்குது, என் வீட்டுல சீனாக்காரன் பண்டமா? தெருவுல என்ன சொல்லுவாங்க?" என்றீர்கள். அண்ணியைவிடத் தெரு பெரிதா? "பி.ஏ. படிச்ச திமிரு" என்றும் சொன்னீர்கள். ஆமாம், இந்த வீட்டில் முதல் பி.ஏ. நான்தான். திமிரும் எனக்குத்தான் முதலில் வரும்.

காலையில் மறுபடி செய்துவிட்டோம். அலமாரியில் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. மழைக்காற்றுப் பட்டால் பாகு கசியும், திறக்காதீர்கள். சாயங்காலம் பிள்ளைகள் வந்ததும் அவர்களோடு பஸ்ஸில் போய் உங்கள் கையாலேயே அண்ணிக்குக் கொடுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி நான் கொடுக்க மாட்டேன்.

நஜீமா

பாகு காய்ச்சியது சீனச்சட்டியில். கழுவிக் கவிழ்த்திருக்கிறேன், வேண்டுமானால் அதையும் சாக்கடையில் போடுங்கள்.

பிளாஸ்கில் டீ இருக்கிறது. சீனி போடவில்லை. பெயரிலேயே சீனா இருக்கிறதே, தெருவில் என்ன சொல்வார்கள்?